சரி என்று மட்டும் சொன்ன பெட்டி

எங்கள் யூனிட்டில் ஃபியூஸ் கேரியர் செய்கிறோம். வீட்டில் கரண்ட் போனால் ஸ்டூல் போட்டு ஏறிப் பிடுங்கிப் பார்ப்பீர்களே, அந்த வெள்ளைக் கட்டை. விருத்தாசலம் செராமிக் என்றாலே வெளியூர்க்காரர்கள் பொம்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொம்மை செய்பவர்களும் இருக்கிறார்கள்தான். எங்கள் முதலாளி ஆதிநாராயணனுக்குப் பொம்மை பிடிக்காது. பொம்மை என்றால் முகம் வரைய வேண்டும், வரைந்தால் யாராவது மூக்கு கோணல் என்பார்கள். ஃபியூஸ் கேரியரிடம் யாரும் மூக்கு தேட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

நான் அங்கே சார்ட்டிங்கில் இருந்தேன். சூளையிலிருந்து வரும் சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் வலது பக்கம், பொத்தென்றால் இடது பக்கம். கல்யாணத்துக்கு முன்பே அந்த வேலைக்கு வந்தேன். என் மகள் பத்தாவது எழுதி முடித்த பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். தட்டுகிற நேரமெல்லாம் பின்னால் ஒரு குரல் 'சீக்கிரம், சீக்கிரம்' என்றுகொண்டே இருக்கும்.

அதனால் சூளை பார்க்கும் வேலைமேல் எனக்கு ஒரு கண். சூளைக்குப் பக்கத்தில் நிற்கிறவரை யாரும் விரட்ட முடியாது. அது வேகிற நேரத்துக்குத்தான் வேகும். முதலாளியே வந்தாலும், 'இன்னும் ஆவலைங்க' என்று சூளைக்காரர் சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவார். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது. வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

சூளை பார்த்துக்கொண்டிருந்த பழமலை, மகளோடு இருக்கப் போகிறேன் என்று மங்களூருக்குக் கிளம்பினார். கர்நாடகத்து மங்களூர் இல்லை, திட்டக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் மங்களூர். அந்த வேலையை நான் கேட்டேன். முதலாளி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"பொட்டிதான் இருக்குதே" என்றார். "சூளைய பொட்டி பாத்துக்கும். நீ பொட்டியப் பாத்துக்கோ. மொதல் சூளை நல்லா எறங்கட்டும், அப்புறம் வேலை ஒன்னோடது. கெட்டுப்போச்சுன்னா பேசாம சார்ட்டிங்குக்குப் போயிடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். பெட்டிமேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் கொஞ்சம் என்மேல் சிந்தியிருந்தது. அதற்கே எனக்குச் சந்தோஷம்.

பெட்டியைச் செய்து கொடுத்தவன் ஜூடு. மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். சூளைக்குள் நீட்டியிருக்கும் கம்பி வெப்பத்தை அளந்து பெட்டிக்குச் சொல்லும். ஆயிரத்து நூற்றெண்பதிலிருந்து ஆயிரத்து இருநூற்றிருபதுக்குள் இருந்தால் பச்சை விளக்கு. அதற்கு வெளியே என்றால் சிவப்பு. மேலே தாண்டிவிட்டால் சைரனும் அலறும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளியின் போனுக்கு நிமிஷத்துக்கு ஒரு செய்தி போகும். பச்சைக்கு 'சரி', சிவப்புக்கு 'இல்லை'.

பெட்டியில் டிகிரி எண் தெரியாது. ஜூடு வைக்கத்தான் பார்த்தான், முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். எண் தெரிந்தால் ஆளாளுக்குப் பேசுவார்கள், பேச்சு வளரும், விளக்கு என்றால் பேச்சில்லை என்றார். அவர் இதுவரை சொன்னதிலேயே இதுதான் புத்திசாலித்தனமான பேச்சு என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

பெட்டித் திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. சூளை பற்றவைக்காமல் சில்லென்று கிடந்தது. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஸ்விட்சைப் போட்டதும் பச்சை எரிந்தது. கற்பூரம் அணைவதற்குள் முதலாளியின் போனில் 'சரி' வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் போனைக் காட்டினார். ஜூடு எலக்ட்ரீஷியன் தங்கதுரையைப் பார்த்துச் சிரித்தான். தங்கதுரை அண்ணன் ஜூடைப் பார்த்துச் சிரித்தார். நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பர்னர் பற்றவைக்கும்போதுதான் பெட்டியையும் போடுவார்கள். பழமலை சூளைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி அந்தப் பெட்டிமேல்தான் மாட்டுவார். அங்கேதான் ஆணி வசதியாக இருந்தது. விளக்கு சட்டைக்குள் எரிந்துகொண்டிருக்கும். அவர் பழையபடி கோனைப் பார்த்து இறக்குவார். கோன் என்பது சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மண் கூம்பு. சரக்கோடு உள்ளே வைத்தால், வேண்டிய சூடு வந்ததும் தலை சாயும். பெட்டி வந்துவிட்டதால் முதலாளி கோன் வாங்குவதை நிறுத்திவிட்டார். டப்பாவில் மிச்சமிருந்தது தீர்கிற சமயத்தில் பழமலையும் கிளம்பிவிட்டார். அதுவரை வந்த நல்ல சரக்குக்கெல்லாம் பேர் பெட்டிக்குப் போனது.

என் முதல் சூளையை ஒரு விடியற்காலையில் பற்றவைத்தேன். பெட்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். பச்சை. சூளை இன்னும் கை வைத்துப் பார்க்கலாம் போல இருந்தது. எனக்கு இது உதைத்தது. தங்கதுரை அண்ணனைக் கேட்டேன்.

"ஏண்ணே, இப்பதான் பத்தவச்சேன். அதுக்குள்ள பச்சையா இருக்குதே?"

"தெறப்பு அன்னிக்கும் அப்படித்தானே இருந்துச்சு. ஜூடு அப்படித்தான் செஞ்சு வச்சிருக்குது" என்றார். சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. போகிற போக்கு சரியாக இருந்தால் பச்சை, கைமீறினால் சைரன் என்று நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சைரனுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் பார்வைத் துவாரத்தில் கண் வைத்தேன். உள்ளே ஆரஞ்சாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், மஞ்சள். அப்புறம் வெள்ளை. பழமலை காலத்தில் நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் இவ்வளவு கண் கூசியதாக ஞாபகம் இல்லை. விளக்கு பச்சை. சைரன் சத்தமில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் ஸ்ரீமுஷ்ணத்தில் கோயிலில் இருந்தார்.

"மொதலாளி, சூளை வெள்ளையா எரியுதுங்க. பர்னரைக் கொறைக்கட்டுங்களா?"

"இரு, பாக்கறேன்" என்றார். எதைப் பார்க்கப் போகிறார் என்று யோசித்தேன். "சரின்னுதாம்மா வந்திருக்குது."

"கண்ணு கூசுதுங்க."

"இப்பகூட ஒண்ணு வந்துச்சு. சரின்னு."

அரை மணி நேரம் பொறுத்து மறுபடியும் போட்டேன்.

"பொட்டி சரிங்குது, நீ இல்லைங்கற. நான் யாரம்மா நம்பறது? கைய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று வைத்துவிட்டார்.

சும்மா இருந்தேன். கை வைத்துச் சரக்கு கெட்டால் பழி என் தலையில் விழும் என்று பயம். கை வைக்காமல் கெட்டாலும் என் தலையில்தான் விழும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. முதலாளி சொல்லியிருந்த நேரம் முடிந்ததும் பர்னரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சூளை ஆறி, கதவைத் திறந்தோம். உள்ளே ஃபியூஸ் கேரியர் என்று எதுவும் இல்லை. மேலே பூசிய கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு உருகி வழிந்து, கட்டையோடு கட்டை ஒட்டி, தாங்கியிருந்த பலகைகளும் வளைந்து, எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டிருந்தது. தட்டிப் பார்க்கத் தனியாக ஒன்றுகூட வரவில்லை. சார்ட்டிங் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். எனக்காக அவர்கள் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டியது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

அன்றைக்கே சூளைப் பக்கத்தில் நாற்காலி போட்டு விசாரணை. முதலாளி உட்கார்ந்தார். ஜூடு மடிக்கணினியோடு வந்திருந்தான். தங்கதுரை அண்ணன் தூக்கில் டீ வாங்கி வந்து எல்லோருக்கும் ஊற்றினார், எனக்கும் ஊற்றினார். பெட்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதால் கம்பியைச் சூளையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்து, ஸ்விட்சைப் போட்டார்கள்.

"ஜூடு, பொட்டியில ஏதாச்சும் கோளாறா?" என்றார் முதலாளி.

"இல்ல சார். எழுதினதெல்லாம் சரியா இருக்குது. வேணும்னா இதுல போட்டுக் காட்டறேன்." மடிக்கணினியில் ஆயிரத்து இருநூறு என்று அடித்தான். 'சரி' என்றது. ஆயிரத்து முந்நூறு என்று அடித்தான். 'இல்லை' என்றது. முதலாளி தலையாட்டினார்.

"தங்கதுரை, ஒயரிங்?"

"ஒயரிங் சுத்தமா இருக்குதுங்க."

"அப்ப பொட்டி சரி. ஏம்மா, வெளக்கு கடைசி வரைக்கும் பச்சையா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"பச்சைன்னா சூளையும் சரி. பொட்டி சரி, சூளை சரி, சரக்கு கெட்டுப்போச்சு. மிச்சம் இருக்கறது நீதான்" என்றார். திட்டவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் நான் மிஞ்சினேன் என்பது போலச் சொன்னார். "திங்கக்கெழமையிலேருந்து சார்ட்டிங்குக்குப் போயிடும்மா. பேசினபடி."

அப்போது மேஜைமேல் அவர் போன் டிங் என்றது. யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங். நான் போனைப் பார்த்தேன். சரி. கம்பியைப் பார்த்தேன். அது டீ தம்ளருக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. பெட்டியைப் பார்த்தேன். பச்சை.

நான் யோசித்து எதுவும் செய்யவில்லை. ஆத்திரம்தான். கம்பியை எடுத்து என் டீக்குள் விட்டேன்.

"ஏய், என்னம்மா பண்ற" என்றார் தங்கதுரை அண்ணன்.

டிங்.

"என்னங்க வந்திருக்குது?" என்று கேட்டேன்.

முதலாளி போனை எடுத்தார். "சரின்னு வந்திருக்குது."

"அப்ப என் டீ ஆயிரத்து இருநூறு டிகிரியில கொதிக்குதுங்க. ஊதிதான் குடிக்கணும்."

முதலாளி கம்பியை வாங்கித் தண்ணீர்ச் செம்பில் விட்டார். டிங், சரி. செம்பிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்து, தம் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். டிங், சரி. தம் கை சூளைப் பதத்தில் இருப்பதாகப் பெட்டி சொன்னதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூடு மடிக்கணினியில் முப்பத்தைந்து என்று அடித்தான். அது 'இல்லை' என்றது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அது பச்சை. ரெண்டிலும் இருந்தது அவன் எழுதிய அதே வரி. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் டீயை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"தெறப்பு அன்னிக்கே சூளை சில்லுன்னு இருக்கும்போது பச்சை எரிஞ்சுதே, நீங்க அதப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

ஜூடு தங்கதுரை அண்ணனைப் பார்த்தான். "நல்ல நாளும் அதுவுமா செவப்பு எரியக்கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு. அண்ணன்தான் ஒயரை மாத்திக் குடுத்து பச்சைய எரியவிட்டிருக்காருன்னு நெனச்சேன்."

"நானா?" என்றார் தங்கதுரை அண்ணன். "நீதான் மொதலாளி மனசு கோணக்கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல மாத்தி வச்சிருக்கேன்னு நான் நெனச்சேன். மொதலாளி எதிர்ல கேட்டா நல்லா இருக்காதேன்னு சிரிச்சுட்டு வுட்டுட்டேன்."

"நானும் அதுக்குத்தாண்ணே சிரிச்சேன்."

சிவப்பு எரியக்கூடாது என்று சொன்னவர் செம்பை எடுத்து, கம்பி நனைந்த தண்ணீரையே குடித்தார்.

ஜூடு வரியைப் பல தடவை படித்துவிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தான். ஆயிரத்து நூற்றெண்பது, அதைவிடப் பெரியது சூடு, அதைவிடப் பெரியது ஆயிரத்து இருநூற்றிருபது. மூன்றையும் ஒரே மூச்சில் கோத்து எழுதியிருந்தான். நாம் நோட்டில் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவோம். வீட்டுக் கணினியில் அவன் எழுதிப் பார்த்த மொழி நம்மைப் போலவே அதைப் புரிந்துகொள்ளும். பெட்டிக்கு அந்த மொழி தெரியாது என்பதால் அதன் மொழிக்கு மாற்றி எழுதினான். இந்த ஒரு வரி மட்டும் ரெண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருக்கவே, அப்படியே தூக்கிப் போட்டுவிட்டான். பெட்டியும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. இப்படி எழுதினால் எச்சரிக்கை காட்டுகிற வசதி ஒன்று உண்டாம். அது அணைத்து வைக்கப்பட்டிருந்ததாம்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் முதலாளி.

"பொட்டிக்கு மூணையும் சேத்துப் பாக்கத் தெரியாது சார். ரெண்டு ரெண்டாதான் பாக்கும். சூடு ஆயிரத்து நூத்தெண்பதத் தாண்டிச்சான்னு மொதல்ல கேக்கும். தாண்டிச்சுன்னா ஒண்ணு, தாண்டலைன்னா பூஜ்யம். அதோட சூட்டை மறந்துடும். கையில இருக்கற அந்த ஒண்ணையோ பூஜ்யத்தையோ எடுத்துக்கிட்டு, இது ஆயிரத்து இருநூத்தி இருபதுக்குள்ள இருக்குதான்னு கேக்கும்."

"ஒண்ணு எப்படிப்பா ஆயிரத்து இருநூறத் தாண்டும்?"

"தாண்டாது சார். அதனால எப்பவும் சரின்னுதான் சொல்லும். செவப்பு எரிஞ்சாத்தானே சைரனும் அடிக்கும்."

முதலாளி யோசித்தார். "ரெண்டாவது கேள்வி சூளையப் பத்தியே இல்லையா?"

"இல்ல சார். மொதல் பதிலப் பத்தினது."

"சுத்த முட்டாப் பொட்டியா இருக்குதே" என்றார்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். வாயை அடக்கியிருக்கலாம். எப்படியும் திங்கட்கிழமை சார்ட்டிங்குதானே என்ற தைரியம்.

"நீங்களும் அப்படித்தாங்க கேட்டீங்க" என்றேன். "சூளை வெள்ளையா எரியுதுன்னு போன் போட்டேன். நீங்க சூளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. போன்ல என்ன வந்துச்சுன்னுதான் பாத்தீங்க. இன்னிக்கும் பொட்டி சரியான்னு ஜூடக் கேட்டீங்க. அவங்க சரின்னாங்க. அந்தச் சரிய எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தீங்க. இந்தக் கதவு தொறந்து கெடக்குது. இவ்வளவு நேரத்துல நீங்க ஒருதரம் உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

தங்கதுரை அண்ணன் தூக்கின் மூடியைத் திறந்து மூடினார். முதலாளி எழுந்து போய், சூளைக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். வளைந்த பலகை ஒன்றைத் தொட்டார். திரும்பி வந்து, "கோன் எந்தக் கடையில வாங்கறதுன்னு பழமலைகிட்ட கேக்கணும்" என்று மட்டும் சொன்னார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலே நான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், சார்ட்டிங்கில் என் இடத்தில் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடமும் போய்விட்டதா என்று நின்றேன். முதலாளி ஆபீஸ் வாசலிலிருந்து, "அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கற? சரக்கு அடுக்கி ரெடியா இருக்குது, கோனும் வாங்கி வச்சாச்சு" என்றார்.

ஜூடு வரியைத் திருத்தியிருந்தான். சூடு இதைத் தாண்டியதா என்று ஒன்று, சூடு அதற்குள் இருக்கிறதா என்று ஒன்று, தனித்தனியாக ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் ஆமாம் என்றால்தான் பச்சை. நான் பற்றவைத்தேன். சிவப்பு எரிந்தது. காலையெல்லாம் சிவப்பு. முதலாளியின் போனில் 'இல்லை' 'இல்லை' என்று வந்து குவிந்தது. எங்கள் யூனிட்டில் அவரிடம் இல்லை என்று இத்தனை தடவை யாரும் சொன்னதில்லை. பொறுக்க முடியாமல் ஜூடைக் கூப்பிட்டு, 'இல்லை'க்குப் பதிலாக 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்று போட முடியுமா என்று கேட்டார். அப்புறம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சூளைப் பக்கமே வந்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் விளக்கு பச்சைக்கு மாறியது. டிங் என்று போன் அடித்தது. முதலாளி பார்த்தார். சரி. தங்கதுரை அண்ணன் காஸ் வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, சரின்னு வந்துடுச்சில்ல? கொறைச்சுடட்டுங்களா?"

முதலாளி போனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"என்ன ஏன்யா கேக்கற?" என்றார். "சூளை இளமதியோடது. அவளக் கேளு."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து துவாரத்தில் கண் வைத்தேன். கோன் தலை சாய்ந்திருந்தது, ஒரே பார்வையில் தெரிந்தது. இருந்தாலும் நான் நிமிரவில்லை. அவர்கள் காத்திருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.